ஒரே ஓனர், டிப் டாப் கண்டிஷன்

பழைய கைக்கடிகாரம் விற்க வருகிற யாரும் அது ஓடாது என்று சொல்வதில்லை. இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்தது, உங்கள் கடை வாசலில்தான் நின்றது என்பார்கள்.

செகண்ட் ஹேண்ட் கார், ஃபிரிட்ஜ், தையல் மெஷின் என்று எதையாவது வாங்கி நொந்துபோன அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள். ஆகவே ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிறேன். பதினெட்டு வருடம் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். நகத்தை விடச் சின்னச் சாமான்களைப் பார்த்து, தேறியதை ஒரு தட்டிலும் தேறாததை ஒரு தட்டிலும் போடுகிற வேலை. ஒருநாள் எங்கள் பிரிவையே வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, என் கண்ணை நம்பி இந்தத் தொழிலில் இறங்கினேன். லிட்டில் இந்தியாவில், குயின் ஸ்ட்ரீட்டில், நாச்சியப்பன் அண்ணனுடைய காசு மாற்றும் கடையின் வாசலில் பாதி இடம் எனக்கு. ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூல், கண்ணில் மாட்டும் ஒரு லென்ஸ். அவ்வளவுதான் கடை. கடை திறந்த அன்று என் வீட்டுக்காரர் வாழ்த்துச் சொன்னார்: "உன் கண்ணு மேல நம்பிக்க இருக்கு. வாய நெனச்சாத்தான் பயமா இருக்கு."

பல் டாக்டரின் நிபந்தனை

என் கடையில் தினமும் விற்பது சுற்றுலா வருகிறவர்கள் வாங்கும் நூறு வெள்ளி, அதாவது நூறு ரிங்கிட்டுச் சாமான்கள்தான். அது வாடகைக்குச் சரி. சோறு போடுகிறவர்கள் தைப்பிங்கில் இருக்கும் ஒரு பல் டாக்டரும் அவருடைய நான்கு நண்பர்களும். ஐந்து பேருக்கும் பழைய கடிகாரப் பைத்தியம். டாக்டர் வாங்கினால் மற்ற நால்வரும் வாங்குவார்கள். டாக்டர் முகம் சுளித்தால் நால்வரும் கோலாலம்பூருக்குப் போய்விடுவார்கள்.

ஆடி மாதம் டாக்டர் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். தை மாதம் அவருக்கு மணிவிழா. அன்றைக்குக் கட்டிக்கொள்ள அவர் பிறந்த காலத்துச் சுவிஸ் கடிகாரம் ஒன்று வேண்டும். கறுப்பு டயல். ஆனால் கறுப்பாக இருக்கக் கூடாது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்துக் கறுப்பு டயல்கள் சில, நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் பல வருடம் கிடந்து தானாகவே பழுப்பாகிவிடும். தெரியாதவர்கள் கெட்டுப்போனது என்பார்கள். சேகரிக்கிறவர்கள் அந்தப் பழுப்புக்காக உயிரை விடுவார்கள். யாரும் தொட்டிருக்கக் கூடாது, பெயிண்ட் அடித்திருக்கக் கூடாது, பாலிஷ் போட்டிருக்கக் கூடாது. கிடைத்தால் ஏழாயிரம் வெள்ளி வரை தருகிறேன் என்றார். கிடைக்காவிட்டால் கோலாலம்பூரில் பார்த்துக்கொள்கிறேன் என்பதையும் மரியாதையாகச் சொன்னார். எழுந்து போகும்போது, எனக்கு மறந்துவிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பி நின்று சொன்னார்: "பல்லு கட்டறது என் தொழிலும்மா. கட்டின பல்ல என்கிட்டயே கொண்டாந்து விக்காதீங்க."

ஒரே ஓனர்

தேட ஆரம்பித்தேன். முதலில் அகப்பட்டது புக்கிட் மெர்தாஜாமில் ஒரு தம்பி போட்டிருந்த இணைய விளம்பரம். நான்கு படங்கள். நான்கும் அரையிருட்டில், எட்ட நின்று எடுத்தவை. விளம்பர பாஷை உங்களுக்குத் தெரியாவிட்டால் நான் சொல்கிறேன். 'ரேர்' என்றால் அது என்ன என்று அவருக்கே தெரியாது. 'சின்னக் கீறல்' என்றால் கண்ணாடி உடைந்திருக்கிறது. 'ஓடுகிறது' என்றால் ஆட்டினால் ஓடும். 'சுலபமாகச் சரி பண்ணலாம்' என்றால் மூன்று பேர் சரி பண்ணப் பார்த்துக் கைவிட்டது. இந்தத் தம்பி அதற்கெல்லாம் மேலே போய், 'டிப் டாப் கண்டிஷன், ஒரே ஓனர், மூடியைத் திறந்ததே இல்லை' என்று எழுதியிருந்தார். விலை நாலாயிரம், பேரம் கிடையாது.

ஃபெர்ரி ஏறிப் போய் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்தித்தேன். மேசையில் குழம்பு சிந்தியிருந்த இடத்தை அவர் துடைத்துவிட, நான் பின்மூடியைத் திறந்தேன். நம் ஊர் ரிப்பேர்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடிகாரத்தைத் திறந்து வேலை பார்த்தால், மூடியின் உள்பக்கம் ஊசியால் தேதியையும் தங்கள் எழுத்தையும் கீறி வைப்பார்கள். திரும்ப வந்தால் தாங்கள் பார்த்ததா, வேறு ஆள் பார்த்ததா என்று தெரியத்தான். திறந்ததே இல்லாத அந்த மூடிக்குள் ஏழு பேர் கீறியிருந்தார்கள். நான்கு சீன எழுத்து, மலாய்க்காரர்களின் ஜாவி எழுத்து இரண்டு, தமிழில் ஒரு 'மு'. தம்பியிடம் காட்டினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "ஒரே ஓனர்தான்க்கா. ஒரு நேரத்துல ஒருத்தர்கிட்டதான் இருந்துச்சு."

எறும்புக்கு உத்தரவாதம் இல்லை

அடுத்தது பாலிக் புலாவ். தங்கராசு என்று ஒரு டுரியான் பழ வியாபாரி. கறுப்பு டயல், பழுப்பாகிவிட்டது, வந்து பாருங்கள் என்று போனில் சொன்னார். மலையைச் சுற்றிப் போகும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் குலுங்கிப் போய்ச் சேர்ந்தேன். கடிகாரத்தைக் காட்டுவதற்கு முன்னால் இரண்டு டுரியானை என் தலையில் கட்டினார். மரியாதைக்கு வாங்கினேன்.

டயல் பழுப்புதான். ஆனால் அது துரு. தண்ணீர் உள்ளே போய், முள் இரண்டும் டயலோடு ஒட்டி, கண்ணாடிக்கு உள்பக்கம் பனி மாதிரி மூடியிருந்தது. இது தண்ணீர் போகாத கடிகாரம், தைரியமாகக் கடலில் குதிக்கலாம் என்றார் அவர். லென்ஸை மாட்டிப் பார்த்தால், எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஒரு எறும்பு செத்துக் கிடக்கிறது. அண்ணே, எறும்பு போகிற வழியில் தண்ணீர் போகாதா என்று கேட்டேன். அவர் லென்ஸை வாங்கி நிதானமாகப் பார்த்தார். ஆயிரத்து ஐந்நூறு என்ற விலையில் ஒரு காசு குறைக்கவில்லை. திரும்பும்போது டுரியான் நாற்றத்தோடு பஸ்ஸில் ஏறக் கூடாது என்று டிரைவர் இறக்கிவிட்டார். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து இரண்டு பழத்தையும் நானே தின்று தீர்த்தேன். தின்றுகொண்டிருக்கும்போதும் தங்கராசு அண்ணன் கடைசியாகச் சொன்னது காதிலேயே இருந்தது. "தண்ணி போகாதுன்னுதான் சொன்னேன். எறும்பு போகாதுன்னு நான் எங்க சொன்னேன்?"

இறங்காத விலை

விலையைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் அந்த அக்காவைப் பற்றிச் சொன்னால் போதும். நவராத்திரி சமயம், கை நிறைய வளையலோடு கடைக்கு வந்தார். வீட்டுக்காரருடைய கடிகாரம். டயல் வெள்ளை, எனக்குத் தேவைப்பட்ட சாமானே இல்லை. இருந்தாலும் ஐந்நூறு வெள்ளி போகும் என்று சொன்னேன். அக்கா போனை எடுத்து என் மூக்குக்குப் பக்கத்தில் நீட்டினார். அதே மாதிரிக் கடிகாரம், எங்கோ ஒருவன் பதினெட்டாயிரம் என்று போட்டிருக்கிறான். 

அது அவன் கேட்கிற விலை அக்கா, வாங்கினவன் கொடுத்த விலையைப் பாருங்கள் என்றேன். என் வீட்டு மிக்ஸியைக்கூடப் பதினெட்டாயிரம் என்று போடலாம், யாரும் தடுக்க முடியாது என்றேன். எப்போதிலிருந்து இந்த விளம்பரம் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். பார்த்தார். மூன்று வருடமாக இருந்தது. சரி, இப்போதாவது புரிந்திருக்கும் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். அக்கா கடிகாரத்தைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். "மூணு வருஷமா வெல ஒரு காசு எறங்கல பாத்தீங்களா. அவ்ளோ நல்ல சாமான்லா இது."

வாங்கும்போது ஒன்று, விற்கும்போது ஒன்று

இவ்வளவு நேரம் மற்றவர்களைச் சொன்னேன். என் கதையையும் கேளுங்கள். வாங்குகிறவர்களுக்கு என்று தனியாக ஒரு பொய் இருக்கிறது. சாமான் பிடித்துவிட்டால் அதை முகத்தில் காட்டக் கூடாது. லென்ஸில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்க வேண்டும். 'ச்சு' என்று ஒரு சத்தம். பிறகு கடிகாரத்தைக் கீழே வைத்துவிட்டு, எதிர்க் கடைப் புடவையைக் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். டயல் போச்சு, முள் மாத்தணும், வெளிக் கேஸ் முழுக்கக் கீறல் என்று ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும். விற்கிறவர் எழுந்து போனால் போக விட வேண்டும். கூப்பிடக் கூடாது, போன் நம்பர் கேட்கக் கூடாது. கேட்டால் ஆசைப்படுகிறோம் என்று தெரிந்துவிடும். நூற்றில் தொண்ணூறு பேர் மூன்றே நாளில் திரும்பி வந்துவிடுவார்கள்.

இதே கடிகாரத்தை அடுத்த வாரம் நான் விளம்பரத்தில் போடும்போது, போன டயல் 'காலத்தின் அழகு' ஆகிவிடும். கீறல் எல்லாம் 'யாரும் பாலிஷ் போடாத அசல் கேஸ்' ஆகிவிடும். இரண்டையும் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே காசு மாற்றுகிறவர் நாச்சியப்பன் அண்ணன். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்: "ஏன் தங்கச்சி, வாங்குறப்ப சீக்காளி, விக்கிறப்ப மாப்பிள்ளையா?"

நிபோங் திபால் பெரியவர்

தீபாவளி முடிந்து இரண்டு வாரம். டாக்டர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். கோலாலம்பூரில் ஒரு கடைக்காரன் படம் அனுப்பியிருக்கிறான் என்று இரண்டாவது தடவை சொன்னார். அன்று மத்தியானம் ஒரு பெரியவர் வந்தார். பெயர் மாரியப்பன். நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரசராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்திரி டப்பாவை எடுத்தார். உள்ளே பஞ்சு. பஞ்சுக்குள் கடிகாரம்.

நான் லென்ஸை மாட்டுவதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். ஒரு நாளைக்கு நான்கு நிமிடம் பின்னால் போகும். ஒரு தடவை கண்ணாடி மாற்றியது, வார் எட்டுத் தடவை மாற்றியது. வாங்கும்போது டயல் நல்ல கறுப்பு, இப்போது இப்படி ஆகிவிட்டது, ஏன் என்று தெரியாது. ஒரு தடவை சாக்கடையில் விழுந்து உடனே எடுத்தாகிவிட்டது. சம்பளம் வாங்க ஆரம்பித்த புதிதில் பினாங்கில் புதிதாக வாங்கியது, வேறு யார் கையிலும் இருந்ததில்லை. இப்போது கண்ணில் புரை, முள் தெரிவதில்லை. தெரியாத மணியைக் கட்டிக்கொண்டு திரிவானேன் என்று விற்க வந்திருக்கிறார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, இதையெல்லாம் மறைத்தால் நீங்கள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டுமே, அது எதற்கு உங்களுக்கு வீண் வேலை என்றார்.

லென்ஸில் பார்த்தேன். காப்பித்தூள் நிறம். விளிம்பிலிருந்து நடு வரை ஒரே சீராக, ஒரு புள்ளி குறையில்லாமல். எழுத்துகள் அச்சடித்தபடியே இருந்தன. கேஸின் ஓரங்கள் கூர் மழுங்கவில்லை. மூடிக்குள் ஒரே ஒரு கீறல் எழுத்து. இந்தத் தொழிலுக்கு வந்தது வீண்போகவில்லை என்று அழுகை வராத குறை. வெளிச்சத்தில் பார்க்கிறேன் என்று சொல்லி, போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டேன். நியாயமாக அப்போது நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஐயா, இது அருமையான சாமான், நாலாயிரம் தருகிறேன் என்று. அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லையே. ஆனால் என் உதடு பிதுங்கிவிட்டது. 'ச்சு' என்ற சத்தமும் வந்துவிட்டது. பழகின வாய் யாரையும் கேட்பதில்லை. டயல் கெட்டுப்போச்சுங்கய்யா, கேஸ் எல்லாம் கீறல், முள்ளும் மங்கிப்போச்சு, எண்ணூறு வெள்ளிதான் போகும் என்றேன். அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. டயல் மட்டும் பளிச்சென்று கறுப்பாக இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாயிரத்து ஐந்நூறு கொடுத்திருப்பேன் என்று ஒரு போடு போட்டேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறேன் என்று டப்பாவை மூடினார். நான் கூப்பிடவில்லை. நம்பர் கேட்கவில்லை. எதிர்க் கடைப் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் இறங்கியவர் மட்டும் ஒரு தடவை திரும்பிக் கேட்டார்: "அப்ப டயலுதாம்மா கொற? மத்ததெல்லாம் சமாளிச்சிக்கலாமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

பன்னிரண்டு நாள்

அன்று சாயங்காலமே டாக்டருக்குப் படத்தை அனுப்பி, கிடைத்துவிட்டது என்று எழுதிவிட்டேன். டாக்டர் ஐந்து நிமிடத்தில் பதில் போட்டார். கோலாலம்பூர்க்காரனுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். மூன்று நாள் போனது. பெரியவர் வரவில்லை. ஐந்தாம் நாள் நாச்சியப்பன் அண்ணன், நிபோங் திபாலுக்குப் போய்த் தேடு தங்கச்சி என்றார். நான் வீம்பாக, வருவார் அண்ணே, எங்கே போகப் போகிறார் என்றேன். எட்டாம் நாள் எனக்குத் தூக்கம் போனது. பத்தாம் நாள் நிஜமாகவே நிபோங் திபாலுக்குப் போனேன். மாரியப்பன் என்று விசாரித்தால் டவுனில் நான்கு மாரியப்பன்களைக் காட்டினார்கள். நான்கு பேரில் ஒருவரும் டிரசர் இல்லை.

பன்னிரண்டாம் நாள் அவரே வந்தார். முகம் மலர்ந்திருந்தது. பிளாஸ்திரி டப்பாவை என் முன்னால் வைத்து, திறந்து பாருங்கள் என்று கை காட்டினார். பஞ்சை விலக்கினேன். டயல் கன்னங்கரேல் என்று, பாலிஷ் போட்ட புதுச் சப்பாத்து மாதிரி மின்னியது. பழைய பழுப்பை பிளேடால் சுரண்டிவிட்டு, அதன் மேல் பளபள பெயிண்ட். அதற்கு மேல் தடிமனாக வெள்ளை எழுத்து. முள்ளுக்குப் பச்சைப் பூச்சு. கேஸை மெஷினில் பிடித்துத் தேய்த்ததில் கூரான ஓரமெல்லாம் சோப்புக்கட்டி போல் வழவழத்தது. அவர் ஊரில் ஒரு ரிப்பேர்காரன் பத்து நாள் வைத்திருந்து செய்தானாம். முந்நூறு வெள்ளி கேட்டானாம். புரை விழுந்த கண்ணுக்கு அந்தக் கறுப்பு மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கிறது. பழைய டயல் பெயிண்ட் ஒரு துளியாவது மிச்சம் இருக்கிறதா என்று லென்ஸில் தேடினேன். இல்லை. நாச்சியப்பன் அண்ணன் நோட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பெரியவர் என் பக்கம் குனிந்து, பரீட்சை எழுதிவிட்டு வந்தவர் மாதிரி சொன்னார்: "நீங்க சொன்ன கொற ஒண்ணுகூட இப்ப இல்லம்மா. நல்லா பாத்துட்டு, அன்னைக்கு சொன்ன வெலயக் குடுங்க."

சனிக்கிழமை

கொடுத்தேன். இரண்டாயிரத்து ஐந்நூறு. வேறு என்ன செய்வது? சொன்னது நான்தானே. நடந்ததை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு நல்ல மனிதருக்கு வீண் வயிற்றெரிச்சல் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம், சொன்னால் என் மானம் போய்விடும். அவர் இரண்டு கையையும் கூப்பிவிட்டு ஃபெர்ரிக்கு நடந்தார். 

டாக்டர் மணிவிழாவுக்குக் கோலாலம்பூர்க் கடிகாரத்தைத்தான் கட்டினார், நண்பர்கள் நால்வரும் அந்தக் கடைக்கே போய்விட்டார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. வலித்தது அந்தச் சனிக்கிழமைதான். மணிவிழாப் புடவை எடுக்க மனைவியோடு லிட்டில் இந்தியாவுக்கு வந்த டாக்டர், நடந்ததை நான் இன்னும் சொல்லாததால் ஆசை ஆசையாக என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். கடிகாரத்தை வாங்கிப் பார்த்தார். போனில் நான் அனுப்பிய படத்தைப் பார்த்தார். திரும்பக் கடிகாரத்தைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. யாரோ செத்துப்போன வீட்டில் கேட்கிற மாதிரி மெல்லக் கேட்டார்: "இத்தன வருஷம் தொடாம வச்சிருந்த மனுசனுக்கு, டயல மாத்துங்கன்னு எந்த முட்டாளும்மா யோசன சொன்னது?"

விற்கிறவர்கள் சொன்ன பொய்யால் இந்தத் தொழிலில் எனக்குப் போனது சில்லறை, நான் சொன்ன பொய்யை ஒரே ஒரு மனிதர் அப்படியே நம்பியதால் போனதுதான் கைமுதல்.